சீர் மெத்தையும் என் வலது காலும்

நாற்பது நிமிடமாக உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கிறேன், முதுகு ஒன்றும் சொல்லவில்லை! இரண்டு மாதத்துக்கு முன்னால் ஒரு டீ குடிக்கிற நேரம்கூட என்னால் உட்கார முடியாது. ஆட்டோ ஸ்டாண்டில் பார்க்கிறவர்கள் எல்லாரும் "இன்னா சேகரு, எப்டி சரியாச்சு?" என்று கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் முதலிலிருந்து சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது. அதனால்தான் எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன். நான் ஏழாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். எழுத்துப் பிழையை என் பெண் பவித்ரா திருத்திக் கொடுப்பாள். முதுகு வலிக்காரர்கள், புது மெத்தை வாங்கலாமா, இருக்கிற மெத்தைமேல் டாப்பர் போட்டால் போதுமா என்று குழம்புகிறவர்கள், இதைப் படித்தால் என்னைப்போல் மூன்று வாரத்தை வீணாக்க மாட்டீர்கள்.

தாம்பரத்துக்கும் பம்மலுக்கும் நடுவே ஷேர் ஆட்டோ ஓட்டுகிறேன். இருபது வருஷம் ஆகிறது. பயந்த சுபாவம். கேஸ் மூடினோமா என்று மூன்று தடவை எழுந்து போய்ப் பார்ப்பேன். இருமல் வந்தால் டி.பி., வயிறு வலித்தால் கேன்சர் என்று நானே முடிவு கட்டிவிடுவேன். அப்படிப்பட்ட எனக்கு நிஜமாகவே ஒன்று வந்தபோது எப்படி இருந்திருக்கும் என்று பாருங்கள்.

பம்மலில் ஒரு அக்கா அரிசி மூட்டையோடு ஏறினார். மூட்டையைத் தூக்கிப் பின்னால் வைத்தேன். இடுப்பில் ஏதோ நழுவினமாதிரி இருந்தது, அவ்வளவுதான். மறுநாள் காலை, இடுப்பிலிருந்து வலது கால் கட்டை விரல்வரை கரண்ட் ஓடியது. அதையும் பல்லைக் கடித்துக்கொண்டு இரண்டு நாள் வண்டி ஓட்டினேன். மூன்றாம் நாள் டீக்கடையிலிருந்து வண்டிக்கு நடந்து வந்தேன். டீக்கடைக்காரர் பின்னாலிருந்து கத்தினார்: "சேகரு, செருப்ப வுட்டுட்டுப் போறியே!" திரும்பிப் பார்த்தால் என் வலது கால் செருப்பு நடுரோட்டில் கிடக்கிறது. கழன்றது எனக்குத் தெரியவே இல்லை! அன்றைக்கே பல்லாவரம் சிக்னலில், முன்னால் நின்ற பஸ்ஸைப் பார்த்து பிரேக்கை மிதித்தேன். கால் பெடலில் நிற்காமல் வழுக்கியது. கைப் பிரேக்கை இழுத்து எப்படியோ நிறுத்தினேன். உள்ளே எட்டுப் பேர். ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆட்டோவில் பிரேக் வலது காலில்தான். அந்தக் கால் போனால் என் பிழைப்பு போச்சு. இந்தக் கதையில் எனக்கிருந்த பயம் மொத்தமும் அது ஒன்றுதான்.

தாம்பரம் பக்கத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்கு என் மனைவி கலா கூட்டிப் போனாள். டோக்கன் நாற்பத்தொன்று. உள்ளே போயிருந்தது பதினெட்டு. உட்கார முடியாமல் சுவரில் சாய்ந்து நின்றேன். பக்கத்து நாற்காலியில் இருந்த ஒரு அம்மா என்னைப் பார்த்துவிட்டு ஆரம்பித்தார்.

"எங்க மச்சினருக்கும் இதே மாதிரிதான் தம்பி. கால் மரத்துப் போச்சு. ஆபரேஷன்னு சொன்னாங்க. பண்ணாங்க. பண்ணதுக்கு அப்புறம் பாரு…"

அந்த நேரம் பார்த்து அவர் டோக்கனைக் கூப்பிட்டார்கள். எழுந்து போய்விட்டார்! பண்ணதுக்கு அப்புறம் என்ன? மச்சினர் நடந்தாரா, படுத்தாரா? அந்த அம்மா வெளியே வரும்போது பிடித்துக் கேட்கலாம் என்று காத்திருந்தேன். வேறு கதவு வழியாகப் போய்விட்டார் போல. அந்தக் கதையின் முடிவு இன்றுவரை எனக்குத் தெரியாது.

டாக்டரம்மா சின்ன வயசு. என்னைப் படுக்கவைத்து, காலை நீட்டியபடி மேலே தூக்கினார். பாதி உயரம்கூடப் போகவில்லை, நான் கத்திவிட்டேன். அப்புறம் என் கட்டை விரல்மேல் அவர் விரலை வைத்து அழுத்தினார்.

"இதை மேல தூக்குங்க. நான் கீழ தள்ளுவேன், விடாதீங்க."

இடது கால் விரல் அசையாமல் நின்றது. வலது கால் விரல் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, பொம்மைத் தலைமாதிரி கவிழ்ந்தது. கலா என் முகத்தைப் பார்க்காமல் காலண்டரைப் பார்த்தாள்.

ஸ்கேன் எடுக்கச் சொன்னார்கள். எம்.ஆர்.ஐ. என்றால் ஒரு குழாய்க்குள் படுக்கவைத்து உடம்பின் உள்ளே இருப்பதைப் படம் எடுப்பது. ஊசி கிடையாது, வலி கிடையாது. ஆனால் சத்தம் இருக்கிறதே! பத்துப் பட்டறைக்காரர்கள் தலைமாட்டில் நின்று தகடு அடிக்கிறமாதிரி. கையில் ஒரு ரப்பர் பந்தைக் கொடுத்து, பயமாக இருந்தால் அமுக்குங்கள் என்றார்கள். உள்ளே போன நிமிடமே அமுக்கினேன். வெளியே இழுத்தார்கள். "இன்னும் ஆரம்பிக்கவே இல்லைங்க" என்றார் அந்த டெக்னீசியன். இரண்டாவது தடவை கண்ணை மூடிக்கொண்டு, தாம்பரத்திலிருந்து பம்மல்வரை ஒவ்வொரு ஸ்டாப்பாக மனசுக்குள் வண்டி ஓட்டினேன். மூன்று டிரிப் முடிவதற்குள் ஸ்கேன் முடிந்துவிட்டது.

படத்தை வெளிச்சத்தில் பிடித்து டாக்டரம்மா எனக்குப் புரிகிறமாதிரி சொன்னார். "முதுகெலும்பு கட்டை கட்டையா அடுக்கி இருக்கு. ரெண்டு கட்டைக்கு நடுவுல குஷன் மாதிரி ஒண்ணு. அதுதான் டிஸ்க். உங்களுக்கு இடுப்புக்கிட்ட ஒரு குஷன் பிதுங்கி, காலுக்குப் போற நரம்பை நசுக்குது. அதனாலதான் விரல் பலம் குறைஞ்சிருக்கு."

"ஆபரேஷனா மேடம்?"

"இப்ப வேண்டாம். அட்மிட் ஆகுங்க, நாலஞ்சு நாள். வலிக்கு மருந்து, நரம்புக்குப் பக்கத்துல ஒரு ஊசி. அப்புறம் வீட்ல ஆறு வாரம். விரல் பலம் ஏறினா ஆபரேஷன் இல்லை. இறங்கினா பண்ணித்தான் ஆகணும். நடுவுல ஒண்ணுக்குப் போறதுல ஏதாவது கஷ்டம் தெரிஞ்சா ஒரு மணி நேரம்கூடத் தள்ளாம வந்துடுங்க."

அவர் அப்படிச் சொன்னதுதான் தாமதம், அரை மணிக்கு ஒரு தடவை பாத்ரூம் போய்ச் சரியாக வருகிறதா என்று பார்க்க ஆரம்பித்தேன். "தண்ணியே குடிக்காம எத்தினி வாட்டிய்யா போவ?" என்று கலா தலையில் அடித்துக்கொண்டாள்.

இரண்டு பேர் படுக்கிற அறை. பக்கத்துக் கட்டிலில் ஸ்டீபன் சார். சேலையூர்க்காரர், பள்ளிக்கூட ஆபீசில் கிளார்க்காக இருந்து ரிட்டயர் ஆனவர். அவருக்கும் முதுகுதான். காலையில் பைபிளை வாசித்துவிட்டு, அப்புறம் பேப்பரை ஒரு வரி விடாமல் வாசிப்பார். நான் புலம்ப ஆரம்பித்தால் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, "சேகர், இன்னைக்குக் கோட்டா முடிஞ்சுது. மிச்சத்தை நாளைக்குப் பயப்படலாம்" என்பார்.

மூன்றாம் நாள் காலையில் அந்த அதிசயம் நடந்தது. விழித்தேன். பக்கவாட்டில் திரும்பினேன். கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்துவிட்டேன்! யாரும் பிடிக்கவில்லை. கலா வெளியே காபி வாங்கப் போயிருந்தாள். மருந்தும் ஊசியும் வேலை செய்தது உண்மை. ஆனால் எனக்கு வேறு ஒரு சந்தேகம் வந்தது. வீட்டில் திரும்பிப் படுக்கவே ஒரு போராட்டம் நடக்குமே, இங்கே எப்படி இவ்வளவு சுலபமாகத் திரும்பினேன்? பெட்ஷீட்டைத் தூக்கிப் பார்த்தேன். நீல ரெக்சின் போட்ட மெத்தை, நாலு விரல் கனம்தான் இருக்கும். கீழே தகடு. கையால் அழுத்தினால் கொஞ்சமாக உள்ளே போய் நின்றுவிடுகிறது. தலைமாட்டிலிருந்து கால்மாட்டுவரை ஒரே சமம்.

உள்ளே வந்த சிஸ்டர் பயந்துவிட்டார். "என்னண்ணா, ஏதாவது தொலைச்சிட்டீங்களா?"

"இல்ல சிஸ்டர், இந்த மெத்தய எந்தக் கடையில வாங்குனீங்கோ?"

"ஆஸ்பத்திரி மெத்தையை நல்லா இருக்குன்னு சொன்ன முதல் ஆள் நீங்கதான்!" என்று சிரித்துக்கொண்டே பி.பி. பார்த்தார்.

ஸ்டீபன் சார் பேப்பரை மடித்து வைத்தார். "வீட்ல என்ன மெத்தை சேகர்?"

"ஸ்பிரிங்கு சார். மாமனார் சீரா குட்த்தது. பதினெட்டு வருஷம் ஆவுது."

"பதினெட்டா! எங்க வீட்டு மெத்தை மூணு வருஷம்தான். ஒரே கட்டை. தோள், இடுப்பெல்லாம் குத்தும். மேல ஒரு டாப்பர் வாங்கிப் போட்டேன். ரெண்டு இஞ்ச் கனத்துல விரிப்பு மாதிரி வரும், மெத்தைமேல போட்டுக்கணும். போட்ட அன்னைலேர்ந்து நல்ல தூக்கம்."

என் காதில் விழுந்தது 'டாப்பர், நல்ல தூக்கம்' என்ற இரண்டு மட்டும்தான். அவர் மெத்தை புதுசு, கட்டை, சமம். என் மெத்தை பழசு, குழி என்பது மண்டையில் ஏறவே இல்லை. ஏறாததற்கு ஒரு காரணம் இருந்தது. அந்த மெத்தையின் கதையைச் சொன்னால்தான் புரியும்.

கலாவின் ஊர் கோவளம். அவள் நைனா, என் மாமனார், கடலுக்குப் போகிறவர். எங்கள் கல்யாணத்தின்போது அவர்கள் தெருவில் ஸ்பிரிங் மெத்தையை யாரும் பார்த்ததில்லை. மாமா பட்டணத்துக்குப் போய் வாங்கி, மீன் ஏற்றுகிற வண்டியை மூன்று தடவை கழுவி, அதில் ஏற்றிக்கொண்டு வந்தார். மூன்று தடவை கழுவியும் மெத்தையில் ஒரு மாதம் வஞ்சிரம் வாசனை. தெருவே திரண்டு வந்து அதில் உட்கார்ந்து எழுந்து பார்த்தது. சீர் வரிசை வைத்து எல்லாரும் பார்த்த பொருளை அப்புறம் குறை சொன்னால், பெண் வீட்டையே குறை சொன்னமாதிரி. எங்கள் பக்கம் அப்படித்தான். அதனால் மெத்தை நடுவில் இறங்கியபோது நான் வாயைத் திறக்கவில்லை. புருஷன் வீட்டில் தன் நைனா கொடுத்ததைத் தானே பழிப்பதா என்று கலாவும் வாயைத் திறக்கவில்லை. இரண்டு பேரும் சொல்லவில்லை, மெத்தை மட்டும் வருஷா வருஷம் கீழே போய்க்கொண்டே இருந்தது.

நாலாம் நாள் மாமா ஆஸ்பத்திரிக்கு வந்தார். கையில் தூக்கு நிறைய மீன் குழம்பு. வாசம் நாலு அறைக்கு அடித்தது.

"இன்னா மாப்ளே, இந்த ரப்பர் பாய்ல போட்டுட்டானுங்க? முதுகு இன்னாத்துக்கு ஆவும்? வூட்டுக்குப் போ. நம்ம ஸ்பிரிங் மெத்த கீதே, அதுல ரெண்டு நாளு படு. எல்லாம் ஓடிப் பூடும்!"

நான் கலாவைப் பார்த்தேன். கலா குழம்பைக் கிளறினாள். ஸ்டீபன் சார் பேப்பரை முகத்துக்கு நேராகத் தூக்கிக்கொண்டார். பேப்பர் மட்டும் லேசாகக் குலுங்கியது.

ஐந்தாம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். பில்லை கலா என் கண்ணில் காட்டவே இல்லை, மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டாள். "நீ இத்தப் பாத்தீன்னா திரும்ப அட்மிட் ஆயிடுவ" என்றாள். டிஸ்சார்ஜ் காகிதத்தில் மாத்திரை, உடற்பயிற்சி எல்லாம் எழுதி, கடைசியில் ஒரு வரி: நடுத்தரக் கெட்டியான, சமமான படுக்கை.

வீட்டில் முதல் நாள் படுத்து, காலையில் எழுந்திருக்கப் பார்த்தால் முடியவில்லை. பக்கவாட்டில் திரும்பினால் மெத்தை என்னைத் திரும்ப நடுவுக்கே உருட்டுகிறது. கவிழ்ந்த ஆமைமாதிரி கையைக் காலை ஆட்டிக்கொண்டு கிடந்தேன். காலில் மறுபடியும் கரண்ட். கலா வந்து தூக்கிவிட்டாள். கட்டிலின் ஓரத்தில் இரண்டு பேரும் உட்கார்ந்தோம். பதினெட்டு வருஷத்தில் முதல் தடவையாக நான் சொன்னேன்.

"கலா, கோச்சுக்காத. மெத்த குழியா கீது."

அவள் பெட்ஷீட்டின் ஓரத்தை இழுத்துச் சரிசெய்தாள். அப்புறம், "எனக்கு எட்டு வருஷமா இடுப்பு வலிக்குது" என்றாள்.

"அடிப்பாவி! ஏன் சொல்லல?"

"சொன்னா உங்க அக்கா வாய்க்கு அவல் கெடச்சாமாதிரி ஆயிடும். 'பாரு, அவங்க அப்பன் குட்த்த மெத்த'ன்னுவாங்க. நீ ஏன் சொல்லல?"

"நீ அழுவியேன்னுதான்."

சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. சிரித்தால் முதுகு வலித்தது. தரையில் பாய் போட்டுப் படுக்கிறேன் என்றேன். கீழே குனிந்து எழுவது இப்போதைக்கு வேண்டாம் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். புது மெத்தை வாங்கினால் பழசை எங்கே வைப்பது, மாமா வந்தால் என்ன சொல்வது? அப்போதுதான் டாப்பர் ஞாபகம் வந்தது. சீர் மெத்தை இருந்த இடத்தில் இருக்கும். மேலே டாப்பர், அதுக்குமேல் பெட்ஷீட். யாருக்கும் தெரியாது. என் முதுகும் தப்பிக்கும், மாமாவின் மரியாதையும் தப்பிக்கும்! நான் துள்ளிக் குதிக்காத குறை. பவித்ரா அன்றைக்கே போனில் ஆர்டர் போட்டாள்.

வந்தது பாருங்கள், ஒரு தலையணை அளவுக்குச் சுருட்டி! பிரித்துக் கட்டிலில் போட்டதும் பெருமூச்சு விட்டுக்கொண்டு உப்ப ஆரம்பித்தது. நாங்கள் மூன்று பேரும் சினிமா பார்க்கிறமாதிரி பக்கத்தில் நின்று பார்த்தோம். முதல் நாள் மேகத்தில் படுத்தமாதிரி இருந்தது. ஸ்டாண்டுக்குப் போன் போட்டு எல்லாரிடமும் சொல்லிவிட்டேன். இரண்டாம் நாளும் பரவாயில்லை. ஒரு வாரம் போனது. நான் மறுபடியும் நடுக்குழியில் கிடந்தேன். இந்த முறை மெத்தென்ற குழி. அவ்வளவுதான் வித்தியாசம். பழகப் பழகச் சரியாகும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு இன்னும் இரண்டு வாரத்தை ஓட்டினேன். கொடுத்த காசு, போட்ட நாடகம், இரண்டையும் விட மனசில்லை.

தினம் காலையில் கலா என் கட்டை விரல்மேல் விரலை வைத்து அழுத்துவாள். அது எங்கள் வீட்டு டெஸ்ட். ஒரு நாள் அவள் சும்மா தொட்டமாதிரிதான் இருந்தது, விரல் கவிழ்ந்துவிட்டது. ஆறு வாரத்தில் மூன்று வாரம் போய்விட்டது. உடனே ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டோம். வரச் சொல்லி டாக்டரம்மா பார்த்தார். "முதல்ல இருந்த அளவேதான் இருக்கு, குறையல. ஆனா ஏறவும் இல்ல. எக்சர்சைஸ் பண்றீங்களா? எதுல படுக்கறீங்க?" என்றார். படுக்கையைப் பற்றி நான் மென்று முழுங்கினேன்.

வீட்டுக்கு வந்து ஸ்டீபன் சாருக்குப் போன் போட்டேன். "சார், நீங்க சொன்ன டாப்பர் என்ன கவுத்துடுச்சு!"

"எதுமேல போட்டீங்க?"

"அதே மெத்தைமேலதான் சார்."

"சேகர், நீங்க டிரைவர். ரோட்ல பெரிய பள்ளம். அதுமேல கார்ப்பெட் விரிச்சா வண்டி எங்க போகும்?"

"பள்ளத்துலதான் சார் போவும்."

"அவ்வளவுதான் விஷயம். மெத்தை நல்லா சமமா இருந்து, கட்டையா குத்துதுன்னா டாப்பர். மெத்தையே உக்காந்துட்டா மெத்தையைத்தான் மாத்தணும். வெறும் மெத்தையில ரெண்டு ஓரத்துக்கும் ஒரு கயிறு கட்டிப் பாருங்க. எவ்வளவு இறங்கியிருக்குன்னு தெரியும்."

டாப்பரை எடுத்துவிட்டு, கலா இந்தப் பக்கமும் பவித்ரா அந்தப் பக்கமுமாகக் கயிற்றை இழுத்துப் பிடித்தார்கள். கயிற்றுக்குக் கீழே என் கையை நுழைத்தேன். முழு உள்ளங்கை நிற்கிறமாதிரி உள்ளே போனது! இதை வைத்துக்கொண்டா நான் ஆபரேஷனுக்குப் பயந்துகொண்டிருந்தேன்! அந்த நிமிடமே போனை எடுத்து மாமாவைக் கூப்பிட்டேன். கலா கையை ஆட்டி வேண்டாம் வேண்டாம் என்றாள். ஆனால் மிதிக்காத பிரேக்கைவிட மாமாவின் கோபம் பெரிசில்லை.

"மாமா, ஒரு விஷயம். அந்த ஸ்பிரிங் மெத்த…"

"இன்னா, பக்கத்து வூட்டுப் புள்ளைங்க ஏறிக் குதிக்குதா?"

"இல்ல மாமா. குழி வுழுந்துட்ச்சு. முதுகுக்கு ஆவல. மாத்தலாம்னு…"

மாமா பதில் சொல்லாமல் போனை வைத்துவிட்டார். கலா முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். "சொன்னேன்ல" என்றாள். மத்தியானம் இரண்டு மணி இருக்கும், கதவைத் தட்டுகிற சத்தம். கோவளத்திலிருந்து பஸ் மாறி மாறி வந்து மாமா நிற்கிறார். கையில் ஒரு மீன் பை. நேராக அறைக்குள் போய், சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டு, வெறும் மெத்தையில் மல்லாந்து படுத்தார்.

நாங்கள் வாசற்படியில் நின்று பார்த்தோம். மாமா ஓரமாகப் படுத்தார். மெத்தை அவரை நடுவுக்கு உருட்டியது. மறுபடியும் ஓரத்துக்குப் போனார். மறுபடியும் உருட்டியது. எழுந்திருக்கப் பார்த்தார். ஒரு முழங்கையை ஊன்றினார், அது உள்ளே போனது. மறு முழங்கையை ஊன்றினார், அதுவும் போனது. புயலில் படகு ஓட்டின மனுஷன் எங்கள் கட்டிலில் மாட்டிக்கொண்டார்.

"ஏய் கலா! கையக் குடுடீ!"

அவள் இழுத்து உட்காரவைத்தாள். மாமா மெத்தையைத் தடவிப் பார்த்தார். அவர் முகம் ஒரு நிமிடம் சுருங்கியது. நான் அதைப் பார்த்தேன், எனக்கு என்னவோபோல் ஆகிவிட்டது. அப்புறம் சத்தம் போட்டார்.

"இத்தினி வருஷம் இதுலயா பட்த்துகினு கீறீங்க? லூசாடா நீங்க ரெண்டு பேரும்?"

"நைனா, நீ ஆசையா வாங்கிக் குட்த்தது…"

"ஆசையாதான் வாங்குனேன். அதுக்குன்னு? கிழிஞ்சா வலய மாத்துறோம். படகு ஓட்ட வுழுந்தா மாத்துறோம். மெத்த இன்னா சாமியா? மாப்ளே, உனக்குக் கால் போச்சுன்னா என் பொண்ணு கெதி இன்னா ஆவும்? வாயில இன்னா, கொழுக்கட்டையா வெச்சிருந்த?"

என்னைத் திட்டத் திட்ட எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை! இவ்வளவுதானா? இதற்கா பதினெட்டு வருஷம்?

அன்று சாயங்காலமே தாம்பரத்தில் மெத்தைக் கடைக்குப் போனோம். நான் இடுப்பில் பெல்ட் போட்டுக்கொண்டு மெதுவாக நடந்தேன். கடைக்காரர் விதம்விதமாகக் காட்டினார். கையால் அமுக்கிப் பார்த்துவிட்டு வாங்குவதுதான் எங்கள் வழக்கம். அதைச் செய்யாதீர்கள். செருப்பைக் கழற்றிவிட்டுப் படுங்கள். மல்லாந்து, பக்கவாட்டில், ஒவ்வொன்றிலும் பத்து நிமிடம். திரும்புவது சுலபமா என்று பாருங்கள். நான் படுத்த ஒவ்வொரு மெத்தையிலும் மாமாவும் பக்கத்தில் படுத்தார். கடைக்கு வந்தவர்கள் எங்கள் இரண்டு பேரையும் வேடிக்கை பார்த்தார்கள்.

"சார், பெரியவர் எல்லாத்துலயும் படுக்கறாரே" என்றார் கடைக்காரர்.

"யோவ், மீன் வாங்குனா செவுளத் தூக்கிப் பாக்க மாட்ட? போன வாட்டி பாக்காம வாங்கிட்டேன்யா!" என்றார் மாமா.

ஏழாவது மெத்தையில் எனக்குச் சட்டென்று தெரிந்துவிட்டது. கெட்டியான ஃபோம், உள்ளே தேங்காய் நார் அடுக்கு. முதுகு அப்படியே தாங்கி நின்றது. பக்கவாட்டில் திரும்பினேன், மெத்தை என்னைப் பிடித்து இழுக்கவில்லை. "இதான் மாமா!" என்று கத்திவிட்டேன். சீர் எங்கள் வீட்டு வழக்கம், புதுசும் நாங்கள்தான் கொடுப்போம் என்று அவர் அடம்பிடித்தார். கலா, "இது என் புருஷன் முதுகு நைனா, நாங்க பாத்துக்கறோம்" என்று அவர் கையைப் பிடித்து வைத்துக்கொண்டாள். வீட்டுக்கு வந்ததும் மேலே இருந்த பிளாஸ்டிக் உறையை எடுக்கக்கூடாது, அழுக்காகும் என்றார் மாமா. சறுக்கும், வியர்க்கும் என்று பவித்ரா கத்திரிக்கோலை எடுத்து வெட்டியே விட்டாள். டாப்பரைச் சுருட்டி மாமா கையில் கொடுத்தேன். அவர் வீட்டில் வெறும் பலகைக் கட்டில், அதுமேல் பாய். அந்தச் சமமான பலகைக்கு டாப்பர் அச்சாகப் பொருந்தியது. "மாப்ளே, பஞ்சு மேல மெதக்குறாமாதிரி கீது!" என்று மறுநாள் காலையிலேயே போன்.

புது மெத்தையில் மறுநாளே பறந்துவிட்டேன் என்று பொய் சொல்ல மாட்டேன். முதல் நாலு நாள் உடம்புக்குப் பழகவில்லை. ஐந்தாம் நாள் காலையில் தூக்கம் கலைந்தபோது நான் எழுந்து உட்கார்ந்திருந்தேன். எப்போது எழுந்தேன் என்று எனக்கே ஞாபகம் இல்லை. வலியில்லாமல் தூங்கியதால் உடற்பயிற்சியும் ஒழுங்காகச் செய்ய முடிந்தது. கலா தினமும் விரலை அழுத்தினாள். ஒரு வாரம் கழித்து, "இன்னா கட்டியா நிக்குது!" என்றாள். நான் நம்பவில்லை. பவித்ராவைக் கூப்பிட்டு அவளையும் அழுத்தச் சொன்னேன்.

ஆறு வாரம் முடிந்து ஆஸ்பத்திரிக்குப் போன அன்று நான் நாலு தடவை பாத்ரூம் போனேன். டாக்டரம்மா படுக்கவைத்தார். காலைத் தூக்கினார். மேலே, இன்னும் மேலே. நான் கத்துவதற்குத் தயாராக வாயைத் திறந்தேன், வலி வரவில்லை! கட்டை விரல்மேல் அவர் விரலை வைத்தார்.

"விடாதீங்க."

விடுவேனா? அவர் தள்ளினார். நின்றது. இரண்டு விரலால் தள்ளினார். நின்றது. பாதத்தின் அடியில் உள்ளங்கையை வைத்து, "பிரேக் போடற மாதிரி மிதிங்க" என்றார். மிதித்தேன். நாற்காலியோடு ஒரு அடி பின்னால் போய்விட்டு அவர் சிரித்தார்.

"ஆபரேஷன் வேண்டாம். ரெண்டு வாரம் கழிச்சு வண்டி எடுங்க. மூட்டை தூக்காதீங்க."

"மெத்தையாலதானே மேடம் சரியாச்சு?"

"மெத்தையால மட்டும் இல்ல. நிறைய பேருக்கு இந்த டிஸ்க் மெதுவா தானாவே அடங்கும். மருந்து, எக்சர்சைஸ் எல்லாம் சேர்ந்துதான். ஆனா குழியில படுத்துக்கிட்டு அது அடங்கறது கஷ்டம்."

போன திங்கட்கிழமை வண்டியை எடுத்தேன். ஸ்டாண்டில் மாலை போடாத குறை. பம்மல் பக்கம் நிறைய ஆட்களோடு போய்க்கொண்டிருந்தேன். ஒரு நாய் குறுக்கே ஓடியது. யோசிக்கவே இல்லை, வலது கால் தானாகப் போய் மிதித்தது. வண்டி மிதித்த இடத்திலேயே நின்றது. பின்னால் எல்லாரும் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்தார்கள். ஒரு அக்காவின் கூடையிலிருந்த தக்காளி என் தோள்மேல் வந்து விழுந்தது.

"இன்னாண்ணா, இப்டியா புடிப்ப பிரேக்கு? உயிரே பூடும் போல கீதே!" என்று அந்த அக்கா கத்தினார்.

"மன்னிச்சுக்கக்கா" என்றேன். சொல்லும்போது என் வாய் காதுவரை சிரித்துக்கொண்டிருந்தது. அவர் இறங்குகிறவரை திட்டிக்கொண்டே வந்தார். அவரிடம் நான் காசு வாங்கவில்லை.